புள்ளிக் கணக்கு

புதுவயலில்
அரிசி ஆலைச் சாம்பல்
கொடியில் காயும் உள்பாவாடையிலும் விழும்.
உதறிக்கொண்டே பேசுவோம்.
அப்படித்தான் தொடங்கியது.

"உனக்கு யூனிட் எவ்வளவு?"
"ஒம்பது."
"எனக்கும் ஒம்பது. தண்ணி மோட்டாருக்குத் தனியா அம்பது."
சவரியம்மாள் கிளிப்பை வாயில் கடித்தபடி கேட்டாள்:
"நூறு யூனிட்டு சும்மாங்குது சர்க்காரு.
அந்த நூறை யாரு திங்கிறா?"

முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் மறு தெரு,
அவ்வளவு நீள வீடு.
முன்கட்டு பூட்டிக் கிடக்கிறது.
பின்கட்டில் பதினோரு குடித்தனம்,
பதினோரு உள்மீட்டர்.
மின்வாரியம் அறிந்த மீட்டர் ஒன்றே ஒன்று,
என் அப்பா பிறக்குமுன் செத்துப்போனவர் பெயரில்
இன்னும் பில் வருகிறது.

நாற்பது பக்க நோட்டு வாங்கினோம்.
ஷிஃப்ட் முடிந்து, தலையில் தவிடு அப்பியபடி
தெருத்தெருவாய்ப் போனோம்.
குழுக்கடன் வசூல் என்று நினைத்துச் சிலர்
விளக்கை அணைத்துக்கொண்டார்கள்.
எந்தக் கட்சி என்றார் ஒருத்தர்.
"கரண்டுக் கட்சி" என்றாள் நூர்நிஷா.
ஒரு வீட்டில்
பெற்றெடுத்து ஒன்பதாம் நாள் பெண்
ஓடவிடாத மின்விசிறிக்குக் கீழே
காலண்டர் அட்டையால் பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
ஓரத்தில் எழுதினேன்.

நூற்று நாற்பத்தாறு வீடு.
உதவிப் பொறியாளர் நோட்டை
நின்றபடி புரட்டினார்,
பிறகு உட்கார்ந்து புரட்டினார்.
"தனி மீட்டர் தரலாம்மா.
உரிமையாளர் சம்மதக் கடிதம் வேணும்."

உரிமையாளர் யார்?
காரியஸ்தர் வயிரவன் விரல் மடக்கினார்.
கோலாலம்பூரில் நாலு, அண்ணாநகரில் ஆறு,
டல்லாஸில் ஒன்று,
ஒருவர் இருக்கிறாரா என்றே தெரியாது,
அதற்குமேல் விரல் இல்லை.
"மொத்தம் பதினெட்டரைப் புள்ளி."
அரையா?
"புருசன் போயிட்டா அரைப் புள்ளி. அது கோயில் வரிக்கு.
கையெழுத்து முழுசாத்தான் போடணும்."

கேட்பதே கேட்கிறோம் என்று மாடியையும் கேட்டோம்.
கால் ஏக்கர் வெயில் மேலே வீணாய்க் கிடக்கிறது.
சோலார் தகடு நாங்களே போடுகிறோம்,
மானியம் போக மிச்சத்துக்குச் சீட்டுக் கட்டி.
துடைப்பதும் நாங்களே,
சாம்பல் எங்களுக்குப் புதிதா?

பதில்கள் ஒவ்வொன்றாய் வந்தன.
தகடு தெரிந்தால் ஷூட்டிங்குக்கு வீடு கேட்டு
எவனும் வரமாட்டான் என்றது ஒரு குரல்.
மாடியில் தன் பங்கு கிழக்கா மேற்கா
என்று எங்களையே கேட்டார் இன்னொருவர்.
வெறும் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.
"இதைக் கைநாட்டுன்னு வச்சுக்கலாமாடி?"
என்றாள் சவரியம்மாள்.

முதல் கையெழுத்து
அரைப் புள்ளியிடமிருந்து, ஈப்போவிலிருந்து.
உமையாள் என்று கூட்டெழுத்தில்,
கீழே ஒரு வரி:
நானும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன்.

ஆவணிக்குள் பன்னிரண்டரை.
அதற்குமேல் நகரவில்லை.

கையெழுத்திட்டவர்கள் பங்கில் விழுந்தவை ஏழு அறை.
ஏழு மீட்டர் வந்தது.
கேமராக் கண்ணில் படாத மேற்கு மூலையில்
எட்டுத் தகடு ஏறியது.
சவரியம்மாள் தன் மின் அட்டையைத்
தூரமாய்ப் பிடித்து வாசித்தாள்:
அ. சவரியம்மாள்.
"பாரு, எனக்கும் ஒரு புள்ளி."

என் அறை
டல்லாஸ்காரர் பங்கில் இருக்கிறது.
எனக்கு யூனிட் இன்னும் ஒம்பது.

சனிக்கிழமை என் முறை.
ஈரத்துணியும் வாளியுமாய் ஏறுகிறேன்.
தகட்டில் ஆலைச்சாம்பல்
விரல் வைத்தால் பெயர் எழுதலாம் போல.
துடைத்து நிமிர்ந்தால்
தெருவுக்குத் தெரு மொட்டைமாடி,
பூட்டிய வீடுகளின் மேல்
ஆள் இல்லாத வெயில்.

நோட்டில் இன்னும்
இரண்டு பக்கம் இருக்கிறது.
எண்ணத் தொடங்குகிறேன்.